படகுப் பட்டறையில் காய்ச்சலும் காதிரைச்சலும்: பட்டறை உரிமையாளர் ஒருவருக்குப் பதில்

வாசகர் கேள்வி: பவானிக்கும் மேட்டூருக்கும் இடையே, காவிரிக் கரையோர ஊர் ஒன்றில் படகு பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 54. அப்பா காலத்தில் லாரிகளுக்குப் பாடி கட்டிய தகரக் கொட்டகைதான் இன்றும் பட்டறை. ஆற்றைக் கடக்கும் விசைப்படகுகளும், அணை மீனவர்களின் படகுகளும், ஏரிகளில் ஓடும் பைபர் படகுகளும் வேலைக்கு வருகின்றன. என்னோடு ஆறு பேர். மூத்த வெல்டருக்கு ஜி.ஐ. பைப்பில் கைப்பிடி பற்ற வைக்கும் நாளெல்லாம் இரவில் குளிர்காய்ச்சல் வருகிறது. "ஒரு டம்ளர் பால் குடிச்சுட்டுப் படுத்தா காலையில சரியாப் போயிருமுங்க" என்கிறார். இது ஆபத்தா? எனக்கு இரண்டு ஆண்டுகளாக இரவில் இரு காதுகளிலும் இரைச்சல் கேட்கிறது, டி.வி.யை அதிகச் சத்தமாக வைக்கிறேன் என்று வீட்டில் சண்டை. கொச்சிப் பக்கமிருந்து பழைய இரும்புப் படகுகளை வாங்கிவந்து, பெயிண்டைக் கிரைண்டரில் சுரண்டிப் புதுப்பிக்கிறோம். வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருப்பதால் நான்கு வயதுப் பேரன் அங்கேயேதான் விளையாடுகிறான். எல்லாருக்கும் மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் போதுமா? ஐ.டி.ஐ. வெல்டர் படிப்பை முடித்த இளைய மகனைப் பட்டறையில் சேர்க்கலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதம் காய்ச்சலை முதலில் வைத்து, காதை அடுத்து வைத்து, பெயிண்டையும் பேரனையும் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் நான் அந்த வரிசையை மாற்ற வேண்டியிருக்கிறது. காய்ச்சல் ஆளைப் படுக்கவைத்துவிடுவதால் அது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் அது பெரும்பாலும் ஓரிரு நாளில் சுவடின்றிப் போய்விடும். பழைய பெயிண்டிலுள்ள ஈயமும் பட்டறையின் இரைச்சலும் வலியே தராமல் உடலுக்குள் வேலை செய்பவை. அவை கெடுத்ததை எந்த மருந்தாலும் முழுவதும் திருப்ப முடியாது. பட்டறையின் பாதுகாப்புக்கு நீங்கள் ஒதுக்கும் பணம் முதலில் அந்த இரண்டுக்கும்தான் போக வேண்டும்.

காய்ச்சலை மட்டும் முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் வெல்டருக்கு வருவது உலோகப் புகைக் காய்ச்சல் என்றே தோன்றுகிறது. ஜி.ஐ. பைப்பின் மேற்பூச்சு துத்தநாகம். அது 419 டிகிரி செல்சியஸில் உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கோ 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே பைப்பைப் பற்ற வைக்கும்போதெல்லாம் துத்தநாகம் வெண்புகையாக எழுந்து மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது. நான்கு முதல் பத்து மணி நேரம் கழித்து, அதாவது வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, நாக்கில் உலோகச் சுவை, தொண்டை வறட்சி, உடல்வலி, குளிர், காய்ச்சல் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. பெரும்பாலோருக்கு 24 முதல் 48 மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். தொடர்ந்து சில நாள் அதே புகையில் நின்றால் உடல் பழகிக்கொள்ளும். ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போய்த் திங்களன்று மறுபடியும் வரும். அதனால்தான் இதற்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்ற பெயரும் உண்டு. எந்தக் கிழமைகளில் வருகிறது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். நோயைக் கண்டறிவதில் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது இரைப்பைக்கு. நம் பக்கத்து நூற்பாலைகளில் பஞ்சுத் தூசிக்கு வெல்லமும் வாழைப்பழமும் கொடுக்கும் வழக்கத்திலும் இதே குழப்பம்தான் இருக்கிறது. அவர் பால் குடிக்கட்டும், அது நல்ல உணவு. ஆனால் காலையில் சரியாகிப்போவது பாலால் அல்ல, நோயின் இயல்பால். பாலை நம்பிப் புகையை விட்டுவிடுவதுதான் கேடு. கைப்பிடிக்கு ஜி.ஐ. பைப்புக்குப் பதிலாகத் துத்தநாகப் பூச்சில்லாத எம்.எஸ். கறுப்புப் பைப்பை வாங்கிப் பற்ற வைத்துவிட்டு, அதன்மேல் துத்தநாகம் கலந்த பிரைமரை அடித்தால் இந்தக் காய்ச்சல் உங்கள் பட்டறையை விட்டே போய்விடும். ஜி.ஐ.தான் வேண்டும் என்றால், பற்ற வைக்கும் இடத்தின் இருபுறமும் 2 முதல் 4 அங்குலம் வரை பூச்சை நீக்கிவிட்டு வைக்கச் சொல்லுங்கள். தேய்ந்த வெண்கலப் புரொப்பல்லருக்குப் பற்றாசு வைக்கும்போது எழும் வெண்புகையும் இதே துத்தநாகம்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு; அதை உங்கள் ஆட்கள் அனைவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். சில வெள்ளிப் பற்றாசுக் கம்பிகளிலும், பழைய கடல் படகுகளின் சில போல்ட்டுகளின் பூச்சிலும் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கும். பூச்சின் நிறத்தைப் பார்த்து அதைத் துத்தநாகத்திலிருந்து பிரித்தறிய முடியாது. காட்மியப் புகையும் முதல் நாள் இதே காய்ச்சலாகத்தான் தொடங்கும். ஆனால் இரண்டாம் நாள் குறைவதற்குப் பதிலாக மூச்சுத்திணறல் கூடும். நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகலாம். காய்ச்சல் வந்த மறுநாள் மூச்சு வாங்கினால், அல்லது நெஞ்சு இறுகினால், பாலும் ஓய்வும் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், முந்தைய நாள் என்ன உலோகத்தைப் பற்ற வைத்தார் என்பதையும் அங்கே சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சாதாரண நிமோனியா என்று எண்ணிவிட எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

இனி, நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன பெயிண்ட்.

இரும்புப் படகுகளுக்குத் துருவைத் தடுக்கும் முதற்பூச்சாக நெடுங்காலம் பயன்பட்டது ரெட் லெட் எனப்படும் ஈயச் சிவப்பு. இன்று கடையில் ரெட் ஆக்சைடு என்று கேட்டு வாங்கும் செங்கல் நிறப் பிரைமரின் நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. ரெட் லெட் அதைவிட ஆரஞ்சு சாயலில் பளிச்சென்று இருக்கும். பழைய படகைச் சுரண்டும்போது மேல்பூச்சுகளுக்கு அடியில் அந்த ஆரஞ்சு அடுக்கு தெரிந்தால், ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பளிச்சென்ற மஞ்சள் பூச்சுகளில் ஈயக் குரோமேட் இருக்கக்கூடும். அதில் ஈயத்தோடு, புற்றுநோய் தரக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியமும் சேர்ந்து வருகிறது. வீட்டுப் பெயிண்டிலும் அலங்காரப் பெயிண்டிலும் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதி 2016-இல் வெளியாகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அந்த விதி தொழிற்சாலைப் பூச்சுகளுக்கு உரியது அல்ல. முப்பது ஆண்டுக்கு முன் கட்டிய படகின்மேல் இருக்கும் பூச்சைப் பற்றி அது எதுவும் சொல்லவும் முடியாது. கடலில் ஓடிய படகுகளின் அடிப்பாகத்தில் இன்னொன்றும் இருக்கும். சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கத் தாமிரம் கலந்த நச்சுப் பூச்சை அடிப்பார்கள். மிகப் பழைய பூச்சுகளில், 2008-இல் பன்னாட்டு ஒப்பந்தத்தால் தடை செய்யப்பட்ட கரிம வெள்ளீயச் சேர்மமும் இருக்கலாம். நம் அணை நீரிலும் ஆற்று நீரிலும் அந்தக் கடற்சிப்பிகள் கிடையாது. ஆகவே காவிரியில் ஓடும் படகுக்கு அந்தப் பூச்சே தேவையில்லை. கொச்சியிலிருந்து வரும் படகோடு அது உங்கள் முற்றத்துக்கு வந்துசேர்கிறது என்பதே விஷயம்.

கிரைண்டர் இந்தப் பூச்சுகளை மாவாக அரைத்துக் கொட்டகை முழுவதும் தூவுகிறது. கேஸ் டார்ச்சால் சுட்டு உரிப்பது அதைவிட மோசம். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், அதற்கு மேல் சூடேற ஏறப் புகையாகவே மூச்சில் ஏறும். உடலுக்குள் போன ஈயத்தை உடல் சுண்ணாம்புச் சத்து என்றே எண்ணி எலும்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் உள்ளது பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்றால், எலும்பில் தங்கியது பல பத்தாண்டுகள் இருந்து, பிற்காலத்தில் எலும்பு தேயும்போது மறுபடியும் இரத்தத்துக்கு வரும். பெரியவர்களுக்கு அது இரத்த அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தச் சோகையைத் தரும்; அளவு மிகுந்தால் மலச்சிக்கலோடு கூடிய வயிற்றுவலி வரும், மணிக்கட்டு தொய்ந்துபோகும். உங்கள் ஆட்களில் அடிக்கடி வயிற்றுவலி என்று லீவு எடுப்பவர் யாராவது இருந்தால், அவர் எந்த வேலை செய்கிறார் என்று ஒருமுறை பாருங்கள்.

பேரனின் நிலைமை வேறு. சிறு பிள்ளைகளின் குடல் பெரியவர்களுடையதைவிடப் பல மடங்கு ஈயத்தை உறிஞ்சும், கையை வாயில் வைக்கும் வயது, வளர்ந்துகொண்டிருக்கும் மூளை. குழந்தைக்கு இவ்வளவு ஈயம் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நீக்க வேண்டும் என்று அந்த நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. கற்றல் குறைவும் கவனச் சிதறலும் பள்ளிக்குப் போன பிறகுதான் வெளியில் தெரியும். அப்போது "படிப்பு ஏறலைங்க" என்பதைத் தவிர வீட்டில் யாரும் வேறு காரணத்தை நினைக்க மாட்டார்கள். இதை எழுதுவது உங்களைக் கலங்கவைப்பதற்காக அல்ல. உங்கள் கடிதத்தில் இன்றைக்கே முழுமையாகச் சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான் என்பதற்காக.

இன்றிலிருந்து பேரன் பட்டறைக்குள் வரக் கூடாது. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவிலுள்ள வாசலை அடைத்துவிட்டு, சுற்றிப் போகும் வழியை வைத்துக்கொள்ளுங்கள். வேலை உடுப்போடு யாரும், நீங்களும்தான், வீட்டுக்குள் நுழையக் கூடாது. பட்டறையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு, அந்த உடுப்பைப் பிள்ளையின் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். சாயங்காலம் கம்ப்ரசர் காற்றால் உடம்பையும் சட்டையையும் ஊதிக்கொள்ளும் வழக்கம் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அதைவிட நன்றாகத் தூசியை மூச்சில் ஏற்றும் வழி வேறில்லை. துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணியால் துடையுங்கள். டீயும் பீடியும் கை கழுவிய பிறகு, கொட்டகைக்கு வெளியில். பெயிண்டைச் சுரண்டுவதற்கு முன் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூச்சை அடியிரும்பு வரை பெயர்த்து, கோவையிலுள்ள ஏதாவதொரு ஆய்வகத்தில் ஈயத்துக்காகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஈயம் இருந்தால் உலர்ந்த கிரைண்டரும் டார்ச்சும் அந்தப் படகின் பக்கமே வரக் கூடாது. தண்ணீர் தெளித்துக் கைச்சுரண்டியால் சுரண்டி, கீழே விரித்த தார்ப்பாயில் விழுவதைச் சேர்த்துக் கட்டித் தனியாக வைக்க வேண்டும். அதைக் காவிரியில் தள்ளிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இதற்கெல்லாம் நேரம் கூடுதலாகும், கூலியும் கூடும். அந்தக் கூலியைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் பழைய படகு கட்டுபடியாகாது என்று தெரிந்தால், கொச்சிப் படகை வாங்காமல் விடுவதே என் யோசனை.

உங்களுக்கும், சுரண்டும் வேலை செய்பவர்களுக்கும், பேரனுக்கும், பேரனின் தாய்க்கும் இரத்த ஈய அளவைப் பார்க்க வேண்டும். நரம்பிலிருந்து எடுத்த முழு இரத்தத்தில் பார்க்கும் பரிசோதனை அது என்பதை ஆய்வகத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். மருமகள் கருவுற்றிருந்தால் இன்னும் அவசரம். ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவுக்குப் போகும். அளவு கூடுதலாக வந்தாலும், ஈயத்தை வெளியேற்றும் மருந்துகளை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். ஈயம் சேரும் வழியை அடைக்காமல் அந்த மருந்தைக் கொடுத்தால் தீமையே கூடலாம். சித்த மருந்துகளில் பற்பமோ செந்தூரமோ யாராவது எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் அவற்றில் சிலவற்றில் உலோகங்கள் சேர்ந்திருக்கும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அந்த வகையில் கீரை, ராகி, பால் மூன்றும் பேரனுக்குப் பயன்படும். உங்கள் வெல்டரின் பாலுக்கு ஒரு நியாயம் கிடைக்கும் இடம் இது ஒன்றுதான்.

பற்றவைப்புப் புகையில் துத்தநாகத்தைத் தவிர வேறு உலோகங்களும் உண்டு. சாதாரண வெல்டிங் ராடின் புகையில் மாங்கனீசு இருக்கிறது; பல ஆண்டுகள் அதிகமாகச் சுவாசித்தால் நடை தளர்ந்து, முகத்தில் உணர்ச்சி குறைந்து, பார்கின்சன் நோயைப் போன்ற நடுக்கமும் விறைப்பும் வரலாம். கையெழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போவது தொடக்க அறிகுறிகளில் ஒன்று. கூலி வாங்கக் கையெழுத்துப் போடும் பழைய நோட்டை எடுத்து உங்கள் மூத்த வெல்டரின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு செலவும் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்ற வைக்கும்போது ஆறு இணைதிறன் குரோமியமும் நிக்கலும் வருகின்றன. எந்த உலோகமானாலும் பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் முடிவு செய்து அதை முதல் பிரிவில் சேர்த்தது.

அதனால்தான் மாஸ்க் போதுமா என்ற உங்கள் கேள்விக்குப் போதாது என்று சொல்கிறேன். முகத்தில் கட்டும் துண்டு புகையைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 வகை மாஸ்க் புகைத்துகளைப் பிடிக்கும். அலுமினியப் படகைப் பற்ற வைக்கும்போது உண்டாகும் ஓசோன் வாயுவையும், பைபர் வேலையின் பிசின் ஆவியையும் பிடிக்காது. புகை பிறக்கும் இடத்திலேயே இழுத்து வெளியேற்றும் குழாய்விசிறி ஒன்று வாங்குங்கள். அதன் வாயைப் பற்றவைப்புக்கு மிக அருகில் வைக்க வேண்டும். 6 அங்குல விட்டமுள்ள குழாயின் வாயிலிருந்து 6 அங்குலம் தள்ளிப் போனாலே இழுப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும் என்பதைத் தெரியாமல், சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் பட்டறைகளே மிகுதி. புகைத்தூண் முகத்தின் குறுக்கே ஏறாதபடி தலையை ஒதுக்கி வைத்துப் பற்ற வைக்கக் கற்றுக்கொண்டாலே உள்ளே போகும் புகை நன்றாகக் குறையும். அதற்குச் செலவே கிடையாது.

மூடிய இரும்பு அறைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நெடுநாள் மூடிக்கிடந்த படகின் அடியறையில் இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. வெளிக்காற்றில் 20.9 சதவீதம் இருப்பது 19.5-க்குக் கீழே போனாலே அது பாதுகாப்பற்ற இடம். அடைத்துக்கிடந்த அறைகளில் அதைவிட வெகுவாகக் குறைந்திருக்கலாம். மணமோ புகையோ இல்லாததால் இறங்கியவர் மயங்கி விழும்வரை எதுவும் தெரியாது; அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். மூடியைத் திறந்து புளோயரால் காற்றடித்து, ஆக்சிஜன் மீட்டரில் அளவைப் பார்த்த பிறகு, மேலே ஒருவர் காவல் நிற்க இறங்க வேண்டும்.

இனி உங்கள் காது. 1886-இல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது மருத்துவர் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைப் பரிசோதித்தபோது, இயல்பான செவித்திறன் உடையவர் ஒருவர்கூட இல்லை. இரும்புத் தகட்டுக்குள் நின்று சம்மட்டி அடிக்கும் வேலை அது. படகின் வயிற்றுக்குள் நின்று நெளிவெடுக்கும் உங்கள் வேலைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெரிய இரைச்சல் என்றால் நம் பக்கத்தில் குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்கள்தான் நினைவுக்கு வரும். தறிக்காரர்கள் வீட்டிலும் உரக்கப் பேசுவார்கள் என்று ஊரில் கேலி செய்வதுண்டு. அந்தக் கேலிக்குள் ஒரு நோய் இருக்கிறது. இரும்பின் மேல் ஓடும் கிரைண்டர் இயக்குபவரின் காதருகே 95 முதல் 105 டெசிபல் வரை எழுப்பும். தகட்டின் மேல் சம்மட்டி அடி அதையும் தாண்டும். தகரக் கொட்டகை அதை எதிரொலித்துத் திருப்பி அனுப்புவதால், தள்ளி நிற்பவருக்கும் தப்ப வழியில்லை.

டெசிபல் கணக்கு நாம் எண்ணுவதைப் போல நேராக ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்கு. 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது தொழில்நல வல்லுநர் பலர் ஏற்கும் எல்லை. அந்தக் கணக்குப்படி 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2 மணி நேரம், 100-இல் 15 நிமிடம் மட்டுமே. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை விட்டுவைத்தன. அந்த அளவில் பல ஆண்டுகள் வேலை செய்பவர்களிலும் ஒரு பகுதியினருக்குச் செவித்திறன் குறையவே செய்யும் என்பதால், 85-ஐயே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை; ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடியவில்லை என்றால் 85-ஐத் தாண்டிவிட்டீர்கள்.

இரைச்சல் முதலில் அழிப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் மயிரணுக்களை. அவை மறுபடியும் முளைப்பதில்லை. பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசையில் இருப்பதால் அவை கேட்கும். ச, த, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும். அதனால் ஒருவர் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பது மட்டும் பிடிபடாது. டி.வி.யின் ஒலியைக் கூட்டுவது அதனால்தான். கூட்டியும் தெளியாமல் இருப்பதும் அதனால்தான். காதிரைச்சலும் இதன் கூடவே வருவது. ஆனாலும் நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். காதில் அழுக்கு அடைப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு இவற்றையும் பார்க்க வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், செவித்திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்டாலோ, திடீரென்று ஒரு காது அடைத்துவிட்டாலோ அதைப் பட்டறைச் சத்தத்தால் வந்தது என்று விட்டுவிடாதீர்கள். திடீர் இழப்புக்கு எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு பயன் கிடைக்கும்.

உலோகமும் இரைச்சலும் கைகோக்கும் இடம் ஒன்று உங்கள் பட்டறையில் இருக்கிறது. பைபர் படகுக்குப் பூசும் பிசினிலிருந்து வரும் ஸ்டைரீன், தின்னரிலுள்ள டொலுயீன், இரத்தத்தில் ஏறிய ஈயம் மூன்றும் காதின் நரம்பு வழியைத் தாமாகவே கெடுக்க வல்லவை. இரைச்சலோடு சேரும்போது கேடு இன்னும் கூடுகிறது. ஆகவே ஒருவர் பைபர் பூசும்போது பக்கத்தில் இன்னொருவர் கிரைண்டர் ஓட்டுவது இரட்டைத் தீங்கு. பைபர் வேலையைக் கொட்டகைக்கு வெளியே, காற்றோட்டமான கூரைக்கு மாற்றிவிடுங்கள். கம்ப்ரசரையும் வெளியே தூக்கி வையுங்கள். நெளிந்த தகட்டைச் சம்மட்டியால் அடிப்பதற்குப் பதில் ஹைட்ராலிக் ஜாக்கால் அழுத்தி எடுக்கலாம். அடித்தே ஆக வேண்டும் என்றால், தகட்டின் மறுபக்கத்தில் மணல் மூட்டையைச் சாய்த்து வைத்தோ தடித்த ரப்பர் பாயைக் கிளாம்ப் போட்டுப் பிடித்தோ அடித்தால் தகடு மணிபோல அதிர்வது அடங்கும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் காதடைப்பான். பஞ்சு வைத்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை. நுரைக் காதடைப்பானை மெல்லிதாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும்; இப்படி வைக்கத் தெரியாமல் நுனியில் செருகிக்கொள்பவர்களே மிகுதி. இன்னொரு கணக்கையும் ஆட்களுக்குச் சொல்லுங்கள். 30 டெசிபல் குறைக்கும் காதடைப்பானை எட்டு மணி நேர வேலையில் அரை மணி நேரம் கழற்றிவிட்டால், அந்த நாளின் கணக்கில் அது வெறும் 12 டெசிபல் காதடைப்பானாகிவிடும். போன் பேச ஐந்து ஐந்து நிமிடமாகக் கழற்றுவதும் சேர்ந்து அதே அரை மணி நேரம்தான்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே ஈய நச்சும் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களாக இடம்பெற்றன. ஆள் எண்ணிக்கை குறைவு என்பதால் சில விதிகள் உங்கள் பட்டறைக்குப் பொருந்தாமல் போகலாம். பாதிக்கப்பட்ட தொழிலாளி இழப்பீடு கேட்கும் உரிமை அதனால் மட்டும் இல்லாமல் போய்விடாது. ஆட்களின் பரிசோதனை முடிவுகளை அவரவர் கையிலும் ஒரு நகல் கொடுங்கள். ஈயம் கூடுதலாக வந்தவரை வேலையை விட்டு நிறுத்தாமல், சுரண்டும் வேலையிலிருந்து மட்டும் மாற்றுங்கள். நிறுத்திவிடுவீர்கள் என்று தெரிந்தால் அடுத்தவர் பரிசோதனைக்கே வர மாட்டார்.

மகனைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சேர்க்கலாம். மேலே சொன்னவற்றில் பேரனையும் பெயிண்டையும் பற்றியவை முடிந்து, இழுவிசிறியும் வந்த பிறகு சேருங்கள். முதல் நாள் வேலைக்கு முன்பே அவருக்கு ஆடியோகிராம், இரத்த ஈய அளவு, நுரையீரல் ஊதுதிறன் பரிசோதனை மூன்றையும் எடுத்து வைத்துவிட வேண்டும். பின்னால் ஆண்டுக்கொருமுறை எடுப்பதை ஒப்பிட அதுதான் அடிப்படை. ஆடியோகிராம் எடுப்பதற்கு முந்தைய 14 மணி நேரம் பட்டறைச் சத்தம், காதில் மாட்டும் ஹெட்போன், கோயில் திருவிழா மைக் செட் எதுவும் கூடாது. இரைச்சலில் இருந்துவிட்டு நேராகப் போனால், தற்காலிகமாகக் குறைந்திருக்கும் செவித்திறனே அவருடைய இயல்பான அளவாகப் பதிவாகிவிடும். உங்கள் ஆடியோகிராமுக்கும் இதே நிபந்தனைதான் என்பதால், இருவரும் திங்கட்கிழமை காலை வேலை தொடங்குவதற்கு முன் சேர்ந்தே போய்விட்டு வாருங்கள்.